யூனிபுரொட் எப்பிடி? கிளிநொச்சியில இருந்து ஒரு ரிவியூ

இன்டர்நெட்டில காசில்லாமல் கிடைக்கிற சேவையளுக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு ஆருக்கும் சொல்லக்கூடினது ஒண்டு எண்டா நான் யூனிபுரொட்டைத்தான் சொல்லுவன். அதைப்பற்றித் தமிழில ஒரு ரிவியூ எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். நான் கிளிநொச்சியில ஒரு சின்ன பிரைவேட் லாப்பில எம்எல்டியா (ரத்தப் பரிசோதனை செய்யிற ஆள்) வேலை செய்யிறன், சிபிசி, ஈஎஸ்ஆர், சிஆர்பி (உடம்பில அழற்சி இருக்கோ எண்டு காட்டுற பரிசோதனை), சுகர், கொலஸ்ட்ரோல் இதுகள்தான் எங்கட நாளாந்த வேலை, ஆராய்ச்சி கீராய்ச்சி எண்டு ஒண்டும் இல்லை. ஆனா மெசின் அடிச்சுத் தாற ஒரு நம்பருக்குப் பின்னால என்ன நடக்குது எண்டு தெரியாமல் ஒவ்வொரு நாளும் அதை அச்சடிச்சுக் குடுக்கிறது எனக்கு ஏலாது, அதுக்குத்தான் இதைத் தேடிப் பிடிச்சனான்.

எங்களிட்ட வாற ஆக்கள் பரந்தன், தருமபுரம், அக்கராயன், மல்லாவிப் பக்கத்தில இருந்தெல்லாம் வருவினம், பஸ்ஸில வந்து ரத்தம் குடுத்திட்டு அந்த வாங்கிலயே குந்திக்கொண்டிருப்பினம். பிளட் பிக்சரில பிளாஸ்ட் கலங்கள் (லுகேமியா எண்ட ரத்தப் புற்றுநோயில வாற முத்தாத கலங்கள்) கண்டா அது எங்கட கையைத் தாண்டின விசயம், யாழ்ப்பாணம் போய், பிறகு சிலர் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரைக்கும் போவினம். அப்பிடிப் போய் வைத்தியம் தொடங்கின பிள்ளையளின்ர அம்மாமார் பேந்து சிஆர்பிக்கு எங்களிட்ட வரேக்க கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு, "மிஸ், ரத்தத்தில புற்றுநோய் எண்டு சொன்னவை, பிறகேன் அழற்சி ரெஸ்ட்டும் எடுக்கச் சொல்லினம்?" எண்டு. நல்ல கேள்வி. டொக்டர்தான் பதில் சொல்லோணும், நாங்கள் ரிப்போட்டுக்கு விளக்கம் சொல்லக்கூடாது, ஆனா எனக்காவது பதில் விளங்கியிருக்க வேணும் எல்லோ.

சரி, யூனிபுரொட் எண்டா என்ன. உலகத்தில தெரிஞ்ச புரதங்கள் எல்லாத்துக்கும் ஆளுக்கொரு பக்கம் வைச்சிருக்கிற ஒரு பெரிய தரவுத்தளம். சுவிட்சர்லாந்தில அமோஸ் பைரோக் எண்டவர் 1986 இல தொடங்கின சுவிஸ்புரொட் எண்ட புரதத் தரவுத்தளம்தான் இதின்ர மூலவேர், பிறகு 2002 இல இங்கிலாந்தில இருக்கிற ஐரோப்பிய உயிர்த்தகவல் நிலையம், சுவிஸ் உயிர்த்தகவல் நிறுவனம், அமெரிக்காவின்ர பிஐஆர் எண்ட புரதத் தரவு நிலையம் மூண்டும் சேந்து யூனிபுரொட் எண்டு ஆக்கினவை. கணக்குத் திறக்கத் தேவையில்லை, ஈமெயில் கேக்காது, விளம்பரம் இல்லை, எடுத்த தரவை எங்கட பாடக்குறிப்பில போடவும் விடுகினம், எங்க இருந்து எடுத்தது எண்டு சொன்னாச் சரி. இதுக்குள்ள ரெண்டு பகுதி இருக்கு. ஒண்டு ஆக்கள் இருந்து ஆய்வுக்கட்டுரையளை வாசிச்சுக் கையால எழுதினது, கிட்டத்தட்ட 5 லட்சத்து 70 ஆயிரம் பக்கம், அதில மனுசப் புரதம் மட்டும் 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல. மற்றது கொம்பியூட்டர் தானா எழுதினது, கோடிக்கணக்கில கிடக்கு. புதுசா வாறவை முதல்ல தெரிஞ்சிருக்க வேண்டியது இதுதான், தேடின உடன "ரிவியூட்" எண்டதையும் மனுசன் எண்டதையும் தெரிவு செய்து போடுங்கோ, இல்லாட்டி எலி, பண்டி, மீன் எல்லாத்தின்ர புரதமும் வந்து நிண்டு குழப்பும்.

நான் முதல்ல தேடினது சிஆர்பிதான், அதின்ர பக்க இலக்கம் பி02741. 224 அமினோ அமிலம், அதில முதல் 18 வெளியால அனுப்புறதுக்கான முகவரி மாதிரி, அது வெட்டுப்பட்டுப் போக மிச்சம் 206, அப்பிடி அஞ்சு சேந்து ஒரு வளையமா நிக்கும். ஈரலில செய்யிறது. 1930 இல டில்லெட், பிரான்சிஸ் எண்ட ரெண்டு பேர் நிமோனியா வந்த ஆக்களின்ர ரத்தத்தில கண்டுபிடிச்சது. இதுவரைக்கும் எந்தப் புத்தகத்திலயும் இருக்கிறதுதான். யூனிபுரொட்டின்ர கெட்டித்தனம் அங்க இருந்து அடுத்த பக்கத்துக்குப் போகேக்கதான் தெரியுது. ஈரலைச் செய்யச் சொல்லி ஏவுறது ஐஎல்-6 எண்ட இன்னொரு புரதம், அதைத் தேடினா அதுக்கொரு பக்கம், அது போய் ஒட்டுற வாங்கிக்கு (ரிசெப்டருக்கு) இன்னொரு பக்கம், வரிக்குப் பக்கத்தில அந்த வரி எங்க இருந்து வந்தது எண்டு இருக்கு. ஒரு வரியைக்கூட "நாங்கள் சொல்லுறம் நம்புங்கோ" எண்டு எழுதேல்ல. எனக்கு இதில பிடிச்ச முதல் விசயமே அதுதான்.

அந்த ஐஎல்-6 பக்கத்தில நிண்டுதான் அந்த அம்மாவின்ர கேள்விக்குப் பாதிப் பதில் விளங்கினது. லுகேமியாக் கலங்கள் எலும்பு மச்சையை நிரப்பிப்போட்டுது எண்டா நல்ல வெண்கலங்கள் குறைஞ்சு போகும், மருந்தும் சேர இன்னும் குறையும், அப்ப சின்னக் கிருமியும் பெரிய ஆபத்து, கிருமி தொத்தினா ஐஎல்-6 ஏறும், அதோட சிஆர்பியும் ஏறும், அதாலதான் அந்தப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் எண்டா விடியட்டும் எண்டு பாக்காமல் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுறது. இன்னொரு பக்கம், வைத்தியமே அழற்சியைக் கிளப்பலாம். 2012 இல அமெரிக்காவில லுகேமியா திரும்பத் திரும்ப வந்த ஒரு சிறுமிக்கு அவவின்ர ரி கலங்கள் எண்ட நோயெதிர்ப்புக் கலங்களையே லுகேமியாவைத் தாக்கிற மாதிரி மாத்திக் குடுத்தவை, கலங்கள் வேலை செய்யத் தொடங்கின உடன ஐஎல்-6 தாறுமாறா ஏறி உயிர் போற நிலைமை, அப்ப டொக்டர்மார் மூட்டுவாதத்துக்குப் பாவிக்கிற டொசிலிசுமாப் எண்ட மருந்தைக் குடுத்து ஐஎல்-6 வாங்கியை மறைச்சுப் போட்டினம், பிள்ளை தப்பினது. 2017 இல அந்தக் கல வைத்தியத்துக்கு அமெரிக்காவில அனுமதி கிடைக்கேக்க டொசிலிசுமாப்புக்கும் அந்த ஆபத்துக்கெண்டு அனுமதி குடுத்தவை. ஒரு புரதம் எந்தக் கதவில போய்த் தட்டுது எண்டு தெரிஞ்சிருந்ததால ஒரு பிள்ளை உயிரோட இருக்கு, இதுக்கு மேல புரதத் தரவுத்தளம் ஏன் எண்டு ஆரும் கேக்கத் தேவையில்லை.

இனி இந்த அழற்சி விசயமெல்லாம் ஆக்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சவை எண்டு பாத்தா அங்கயும் லுகேமியாதான் நிக்குது. டிஎச்பி-1 எண்டு ஒரு செல் லைன் (லாப்பில தொடர்ந்து வளர்க்கிற கலங்கள்) இருக்கு, யப்பானில மொனோசைட் வகை லுகேமியா வந்த ஒரு வயசு ஆண் குழந்தையின்ர ரத்தத்தில இருந்து எடுத்தது, 1980 இல வெளியிட்டவை. அந்தக் கலங்கள் இண்டைக்கும் உலகம் முழுக்க லாப்புகளில வளந்துகொண்டிருக்கு. பிஎம்ஏ எண்ட இரசாயனத்தை விட்டா மிதந்து திரிஞ்ச கலங்கள் தட்டில ஒட்டிக்கொண்டு மக்ரோபேஜ் (கிருமியை விழுங்கிற கலம்) மாதிரி ஆகிடும், பிறகு பற்றீரியாவின்ர வெளிச்சவ்வில இருக்கிற எல்பிஎஸ்ஸைச் சேத்தா அழற்சி தொடங்கும், அதை வைச்சுத்தான் எந்தப் புரதம் தூண்டுது எது அடக்குது எண்டு கனபேர் அளந்தவை. அந்தக் குழந்தையின்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட சனம் மகரகம கிளினிக்கில நிக்கிற மாதிரி அந்தத் தாயும் எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில நிண்டிருப்பா எண்டு நினைக்காமல் எனக்கு அந்தப் பக்கத்தை வாசிக்க முடியேல்ல. செல் லைன் விபரம் யூனிபுரொட்டில இல்லை, அதுக்குச் செல்லோசோரஸ் எண்டு தனியா ஒண்டு இருக்கு, அதையும் பைரோக்தான் செய்யிறவர், எந்தக் கலம் ஆரிட்ட இருந்து வந்தது, எது வேற கலத்தோட கலந்து பேர் மாறிப்போனது எண்டெல்லாம் அதில எழுதிக் கிடக்கு.

இப்ப நான் எல்லாருக்கும் காட்டுற பக்கத்துக்கு வாறன். பி25963. ஐகப்பாபி அல்பா எண்ட புரதம், 317 அமினோ அமிலம் மட்டும், சின்னச் சாமான். இதின்ர வேலை என்எஃப் கப்பா பி எண்ட, அழற்சி ஜீன்களைத் திறக்கிற ஒரு பெரிய ஏவலாளியைக் கலத்தின்ர கருவுக்குள்ள போகவிடாமல் கட்டிப்பிடிச்சு வைச்சிருக்கிறது. என்எஃப் கப்பா பியை 1986 இல ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சவை, சுவிஸ்புரொட் தொடங்கின அதே வருசம். எல்பிஎஸ் வந்து கலத்தின்ர வெளிய நிக்கிற டிஎல்ஆர்4 எண்ட வாங்கியில பட்ட உடன உள்ளுக்கை மைடி88, ஐராக்4, டிராஃப்6 எண்டு ஆளுக்காள் செய்தி கடத்தி, கடைசியில ஐகேகே எண்ட நொதியம் வந்து ஐகப்பாபி அல்பாவின்ர 32 ஆவது, 36 ஆவது இடத்தில இருக்கிற செரீன் எண்ட அமினோ அமிலம் ரெண்டிலயும் பொஸ்பேட்டை ஒட்டும். அதைக் கண்ட வேற நொதியங்கள் 21 ஆவது, 22 ஆவது லைசீனில யுபிகுயிட்டின் எண்ட அடையாளத்தைக் கட்டும், அடையாளம் விழுந்தது புரட்டியசோம் எண்ட புரதம் வெட்டுற மெசினுக்குள்ள போய்த் துண்டு துண்டாகும். பிடிச்சுவைச்சவன் போனா ஏவலாளி கருவுக்குள்ள, டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-1 பீட்டா எண்ட அழற்சிப் புரதங்கள் எல்லாத்தின்ர ஜீனும் திறக்கும். இந்தப் பொஸ்பேட், யுபிகுயிட்டின் இடங்கள் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில "பிடிஎம்" (புரதம் செய்த பிறகு அதில வாற மாற்றங்கள்) எண்ட பகுதியில இலக்கம் இலக்கமா இருக்கு, 32 ஐ அமத்தினா எந்தக் கட்டுரையில அதைக் காட்டினவை எண்டு வரும். ஏஎல் பயோ புத்தகத்தில அழற்சி எண்டா சிவக்கும், வீங்கும், சுடும், நோகும் எண்டு நாலு சொல்லோட முடியிறது, அந்த நாலுக்கும் அடியில ஒரு செரீன் இருக்கு எண்டு கண்ணால பாக்கேக்க எனக்கு மயிர் கூச்செறிஞ்சது.

இன்னும் வடிவான விசயம் இதுக்குப் பிறகுதான். கருவுக்குள்ள போன என்எஃப் கப்பா பி திறக்கிற ஜீன்களுக்குள்ள ஐகப்பாபி அல்பாவின்ர ஜீனும் ஒண்டு. தன்னைக் கட்டுறவனைத் தானே திரும்பச் செய்யுது, புதுசா வந்தவன் கருவுக்குள்ளயே போய் அதைக் கூட்டிக்கொண்டு வெளிய வருவான். இரணைமடுவில தண்ணி மட்டம் ஏறினாத்தான் வான்கதவைத் திறக்கிற மாதிரி, ஏறுறதே இறக்கத்துக்குக் காரணமாகுது. அதோட ஏ20 எண்ட இன்னொரு புரதமும் இதே வேளை செய்யப்படும், பி21580, 790 அமினோ அமிலம், அது செய்தி கடத்துற ஆக்களில கட்டியிருக்கிற யுபிகுயிட்டின் சங்கிலியை அறுத்து மேல இருந்து வாற செய்தியையே நிப்பாட்டும். ஏ20 பக்கத்தில நோய் பகுதியைப் பாருங்கோ, இந்த ஜீனின்ர ரெண்டு பிரதியில ஒண்டு பழுதானாலே சின்ன வயசில இருந்து வாயில புண், காய்ச்சல் எண்டு ஓயாத அழற்சி வாற ஒரு பரம்பரை நோய் இருக்கு, 2016 இலதான் அதைக் கண்டுபிடிச்சு எழுதினவை. சில லிம்ஃபோமாக்களில (நிணநீர்ப் புற்றுநோயளில) இந்த ஏ20 அழிஞ்சு போயிருக்கிறதையும் 2009 இல காட்டியிருக்கினம். அழற்சியை நிப்பாட்டத் தெரியாத கலம் புற்றுநோய்ப் பக்கமும் சரியலாம் எண்டு இதில இருந்து விளங்குது.

மூண்டாவது பக்கம் ஐஎல்-1 பீட்டா, பி01584. இது 269 அமினோ அமிலமா உருவாகும், ஆனா அப்பிடியே ஒண்டும் செய்யாது, 116 ஆவது இடத்துக்குப் பிறகு கஸ்பேஸ்-1 எண்ட நொதியம் வெட்டினாத்தான் மிச்ச 153 உம் வேலை செய்யிற புரதம். கஸ்பேஸ்-1 ஐத் தட்டியெழுப்பிறது என்எல்ஆர்பி3 எண்ட ஒரு பெரிய புரதமும் வேற புரதங்களும் சேந்து கட்டுற கூட்டு, இன்ஃபிளமசோம் எண்டு 2002 இல பேர் வைச்சவை. அதே கஸ்பேஸ் காஸ்டெர்மின் டி எண்ட புரதத்தையும் வெட்ட, அந்தத் துண்டுகள் கலமென்சவ்வில ஓட்டை போடும், ஐஎல்-1 பீட்டா வெளிய போகும், கலம் வெடிச்சும் சாகும். ரெண்டு சாவி போட்டாத்தான் இந்தப் பெட்டி திறக்கும், ஒண்டு ஜீனைத் திறக்கிறது, ரெண்டாவது வெட்டுறது, டிஎச்பி-1 கலத்தில இதை முதல் சாவிக்கு எல்பிஎஸ்ஸும் ரெண்டாவதுக்கு நைஜெரிசின் எண்ட இரசாயனமும் குடுத்துக் காட்டுவினம். யூனிபுரொட் இதை ஒரு கோடு போட்ட படமா, எந்த இடத்தில வெட்டு எண்டு நிறத்தோட காட்டுது, அந்தப் படம் ஒண்டே ஒரு பாடம்.

இவ்வளவும் சொல்லிப்போட்டு ஒண்டைக் கட்டாயம் சொல்லோணும். தட்டில வளர்ற டிஎச்பி-1 வேற, வாங்கில குந்தியிருக்கிற நோயாளி வேற. டிஎச்பி-1 ஐ ஆக்கள் கனக்கப் பாவிக்கிறது அது வளர்க்கச் சுகம், எல்லாரிட்டயும் ஒரே மாதிரி இருக்கும் எண்டதாலயும்தான், லுகேமியா நோயாளியின்ர உடம்பில அழற்சி அப்பிடியே நடக்குது எண்டு அதுக்கு அர்த்தம் இல்லை. உண்மையான ஏஎம்எல் (ஒரு வகை லுகேமியா) நோயாளியளின்ர மூல லுகேமியாக் கலங்களில என்எஃப் கப்பா பி ஆரும் தூண்டாமலே ஓடிக்கொண்டிருக்கு எண்டு 2001 இல காட்டினவை, அதாவது பிடிச்சுவைக்கிற ஆள் சரியாப் பிடிக்கேல்ல, அந்தக் கலங்கள் சாகாமல் தப்புறதுக்கு அதுவும் ஒரு வழி. புரட்டியசோமை அடைக்கிற போட்டசொமிப் எண்ட மருந்து ஐகப்பாபி அல்பாவை அழிய விடாது, 2003 இல மல்டிப்பிள் மயலோமா எண்ட இன்னொரு ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைச்சது, லுகேமியாவுக்கு இல்லை, மருந்தும் அதின்ர பலனும் அவ்வளவு நேர்கோட்டில போறேல்ல. எங்கட பிள்ளையளுக்கு ஏஎல்எல் எண்ட லுகேமியாவுக்குக் குடுக்கிற டெக்சாமெதசோன் இன்னொரு வழி, அது கலத்துக்குள்ள இருக்கிற ஒரு வாங்கியில ஒட்டி என்எஃப் கப்பா பியின்ர வேலையையும் தடுக்குது, லுகேமியா லிம்ஃபோ கலங்களையும் சாக வைக்குது. அந்த வாங்கியின்ர பக்கம் பி04150, 777 அமினோ அமிலம், "டெக்சா குடுத்தா பிள்ளைக்கு முகம் வீங்குது மிஸ்" எண்டு சொல்லுற அம்மாமாரை நினைச்சுக்கொண்டு வாசிச்சனான், ஒரே வாங்கி உடம்பு முழுக்க இருக்கிறதாலதான் நல்லதும் கெட்டதும் சேந்து வருது.

இனிக் குறைகள். முதலாவது பேர். ஒரு புரதத்துக்கு நாலைஞ்சு பேர், ஐகப்பாபி அல்பா எண்டு தேடினா என்எஃப்கேபிஐஏ எண்டு வரும், ஏ20 எண்டு தேடினா டிஎன்எஃப்ஏஐபி3, தெரியாத ஆள் வேற பக்கம் எண்டு நினைச்சு மூடிப்போட்டுப் போயிடும். அதாலதான் நான் இலக்கத்தோட எழுதுறன், இலக்கத்தை அடிச்சா நேர அந்தப் பக்கம்தான். ரெண்டாவது மொழி. எல்லாம் இங்கிலிஸ், அதுவும் தடிச்ச இங்கிலிஸ், தமிழ் மீடியத்தில படிச்ச பிள்ளைக்குக் கலம், நொதியம், மென்சவ்வு எண்டு நல்ல வடிவா விளங்கின விசயம் இங்க வந்து அந்நியமா நிக்கும், இது எனக்கு உண்மையாவே கவலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல நாலு வரி சாதாரண பாசையில எழுதி வைச்சா எவ்வளவு நல்லம். மூண்டாவது, எந்தக் கலத்தில எவ்வளவு இருக்கு எண்டு யூனிபுரொட் வடிவாச் சொல்லாது. டிஎச்பி-1 இலயும் எச்எல்-60 இலயும் கே-562 இலயும் ஒரு ஜீன் எவ்வளவு திறந்திருக்கு எண்டு பாக்கோணும் எண்டா சுவீடன்காரர் 2003 இல தொடங்கின ஹியூமன் புரட்டீன் அட்லசுக்குப் போங்கோ, ஆயிரத்துக்கு மேல செல் லைன் அதில இருக்கு, அதுவும் இலவசம், ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில திறந்து வைச்சா நல்லாப் பொருந்தும்.

போனில பாக்கிற ஆக்களுக்கு, 2022 இல புதுசா மாத்தின வெப்சைட் வடிவா இருந்தாலும் பாரம் கூட. கிளிநொச்சி ரவுணுக்குள்ள பரவாயில்லை, ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டை போனா சிக்னல் ஒரு கோடுதான், அந்த 3டி படம் இருக்கிற பகுதிக்கு வந்த உடன அப்பிடியே நிண்டிடும். அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் எழுத்தா இறக்கலாம், டவுன்லோட் எண்டதில ரெக்ஸ்ட் எண்டு குடுத்தா சின்னக் கோப்பு ஒண்டு வரும், படம் ஒண்டும் இல்லை, தகவல் முழுக்க இருக்கு. லாப்பில இருக்கேக்க இறக்கி வைச்சிட்டு வீட்டை போய்க் கரண்ட் இல்லாத நேரத்திலயும் போனில வாசிக்கலாம். புரதத்தின்ர அமினோ அமில வரிசை மட்டும் வேணும் எண்டா ஃபாஸ்டா, அது இன்னும் சின்னது.

ஆருக்கு இது சரிவரும் எண்டா, ஏஎல் பயோ படிப்பிக்கிற ரீச்சர்மார், அறிவியல்நகர், வவுனியா கம்பஸ் பிள்ளையள், என்னை மாதிரி எம்எல்டி ஆக்கள், நேர்சிங் படிக்கிறவை. ஏஎல் பிள்ளை தனிய இருந்து பாக்கிறது கஸ்டம், ஆரும் ஒருத்தர் பக்கத்தில இருந்து முதல் ரெண்டு பக்கத்தைக் காட்டிவிட்டா மிச்சத்தைத் தானே தேடும், அக்காவின்ர மகளுக்குக் காட்டினதில நான் கண்டது அது. வீட்டில நோயாளி இருக்கிற ஆக்கள் வைத்தியத்துக்கு வழி தேடி இதுக்குள்ள வரவேண்டாம், இது வைத்தியத்துக்கு வழிகாட்டுற இடம் இல்லை, பயம்தான் கூடும், ரிப்போட்டை எடுத்துக்கொண்டு உங்கட டொக்டரிட்டப் போங்கோ.

என்ர மார்க்ஸ் 5 க்கு 4.5, அந்த அரை மொழிக்காகக் குறைச்சது. தொடங்கிறதெண்டா பி25963 இல தொடங்கி, பிறகு பி21580, அதுக்குப் பிறகு பி01584 எண்டு இந்த ஒழுங்கில பாருங்கோ, ஏன் எண்டா முதலாவது விளங்காமல் மற்ற ரெண்டும் விளங்காது. எங்கயாவது ஒரு வரி பிழை எண்டு பட்டா பக்கத்தில கருத்து அனுப்புற இடம் இருக்கு, புதுக் கட்டுரை ஒண்டு கண்டா அதைச் சேக்கச் சொல்லவும் ஏலும், பேராசிரியரா இருக்கோணும் எண்டு அவை கேக்கிறேல்ல.